நல்ல தண்ணியில் கழுவின அடுப்படி

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று போன் போட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறினார் ஒரு வாசகர். "நிம்மதியா இருந்தோம், அதுக்குள்ள வந்துடாதீங்க" என்றார் இன்னொருவர். அவருக்கும் நன்றி.

எனக்கு ஒன்றும் இல்லை. உடம்புக்கு வந்தது என் மனைவி வள்ளிக்கு. வரவழைத்தது எங்கள் வீட்டு அடுப்படி சிங்க்.

சிரிக்காதீர்கள்... நிஜம்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் ராமநாதபுரத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை. போர் போட்டு மோட்டாரில் ஏற்றுவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். நல்ல தண்ணி தெருக்குழாயில் என்றைக்காவது வரும். வராத நாளில் டிரைசைக்கிள்காரர் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவார். குடிக்க, உலை வைக்க, டீ போட மட்டும் அது. உப்புத் தண்ணியில் டீ போட்டால் பால் திரிந்துவிடும்.

நல்ல தண்ணி எவர்சில்வர் குடத்தில் இருக்கும். உப்புத் தண்ணி பிளாஸ்டிக் வாளியில். இரண்டையும் மாற்றிப் புழங்குகிறவர்களை எங்கள் ஊரில் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். நல்ல தண்ணியில் கை கழுவிவிட்ட வெளியூர் மாப்பிள்ளையைப் பற்றி அவர் பேரன் எடுத்த பிறகும் பேசுவார்கள்.

இந்த உப்புத் தண்ணி இருக்கிறதே, அது வந்த சுவடு இல்லாமல் போகாது. காய்கிற இடத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிந்துவிட்டுத்தான் போகும். குழாய் மூக்கு, சிங்க், டைல்ஸ், வாளியின் அடி... சோப்பு போட்டுத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாகத் திப்பி திப்பியாக ஏதோ வரும். கறை அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் ஊரில் பாத்ரூமுக்கு வாங்குகிற ஆசிட் அடுப்படி வரை வந்துவிட்டது. எந்த வீட்டில் கேட்டாலும், "கொஞ்சூண்டு ஆசிட்ட ஊத்தி விடுங்க, பளபளன்னு ஆயிரும்" என்பார்கள்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் இறங்கிவிட்டாள். சிங்க்கைச் சுற்றிப் பிடித்திருந்த பாசிக்கு பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசினாள். பாசி போனது. உப்புக்கறை போகவில்லை. சரி, மிச்சத்தை ஆசிட் பார்த்துக்கொள்ளட்டும் என்று, பூசிய பவுடர் மேலேயே ஆசிட்டை ஊற்றினாள்.

இரண்டும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிற சாமான்தான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் கிளம்புவது விஷப் புகை. எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. வள்ளிக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போது எழுந்து போய் உங்கள் சிங்க்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பீர்கள். பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது முதலில் ஒரு இருமல். அப்புறம் தொடர் இருமல். அப்புறம் இருமல்கூட வராமல் ஒரு சத்தம். உள்ளே ஓடினால் கண் எரிகிறது, தொண்டையைப் பிடிக்கிறது. வள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எப்படி ஆட்டோ வந்தது, யார் ஏற்றிவிட்டது — இன்றைக்கு வரைக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூஞ்சியில் மாஸ்க்கை வைத்து, புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"அடுப்புல..." மூச்சு. "பாலு..." மூச்சு. "அணைச்சி..." மூச்சு. "அணைச்சீகளா?"

நாலு வார்த்தைக்கு மூன்று தடவை நின்றாள். இவள் பேசி நான் கேட்டிருக்கிறேன் ஐயா, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக. கடைவீதியில் ஆரம்பித்த வாக்கியத்தை வீட்டு வாசலில்தான் முடிப்பாள். நடுவில் நான் ஒரு 'ம்' போடக்கூட இடம் கிடைக்காது. அவள் இப்படி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் ஆடிப்போயிற்று. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்?

டாக்டரம்மா நல்லவர். நேராகப் பேசுகிறவர்.

"ஏற்கெனவே இவங்களுக்கு லேசா வீசிங் இருந்திருக்கு. இப்ப மூச்சுக்குழாய் புண்ணாயிருக்கு. வீட்டுல ஆசிட், பிளீச்சிங், பினாயில், ரூம் ஸ்ப்ரே, கொசுவர்த்தி எதுவும் இருக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆட்டோவுல கொண்டுவர்றதுக்குள்ள என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் நல்லா இருக்காளா இல்லையான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"ரொம்ப ஈஸி. பேசச் சொல்லுங்க. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமச் சொல்றாங்களா பாருங்க. நடுவுல நின்னு நின்னு பேசினா உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் என்றார்.

வள்ளியின் தங்கை செல்வி தகவல் தெரிந்த அன்றே பஸ் ஏறி வந்துவிட்டாள். திருப்பாலைக்குடியிலிருந்து உள்ளே தள்ளி, மிளகாய்க் காடும் நெல்லும் வைத்திருக்கிற கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். "அக்காவ நான் பாத்துக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போயி ஒரு குளி குளிச்சிட்டு வாங்க அத்தான்" என்று என்னை அனுப்பினாள். வீட்டைத் திறந்தேன். அடுப்படி வாசலில் காலை வைத்ததும் மூக்கு காட்டிக் கொடுத்தது. நெடி இன்னும் இருக்கிறது. சிங்க்கைச் சுற்றி அந்த வெள்ளைக் குழம்பு காய்ந்து போய்க் கிடக்கிறது.

வியாழக்கிழமை வந்து இறங்கினால் வள்ளி முதலில் எங்கே போவாள்? கட்டிலுக்கா? என்னையா கேட்கிறீர்கள்! நேரே அடுப்படிக்குத்தான். கட்டிப் போட்டாலும் நிற்க மாட்டாள்.

ஆக, அதற்குள் இதைச் சுத்தம் செய்தாக வேண்டும். சுத்தம் செய்கிற ஆட்களைக் கூப்பிடலாமா? அவர்கள் கொண்டுவருவதே ஆசிட்தான். மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறாள். பிள்ளைக்கு அம்மை போட்டிருப்பதால் கிளம்பி வர முடியாமல் அங்கே அவள் அழுதுகொண்டிருந்தாள். வேலை கொடுத்தால் அழுகை நிற்குமே என்று விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு அரை மணியில் கூப்பிட்டாள்.

"அய்யா, எக்கோ ஃப்ரெண்ட்லியா க்ளீன் பண்றதுக்கு நெறைய வழி இருக்கு. வினிகர், பேக்கிங் சோடா, எலுமிச்சம்பழம். மூணும் போதும்."

"பேக்கிங் சோடான்னா?"

"நம்ம ஆப்ப சோடாதான்யா."

அட, இதற்குத்தான் இத்தனை இங்கிலீஷா! கடைக்குப் போனேன். இருந்த வினிகர் பாட்டிலை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, ஃப்ரைடு ரைஸ் கடை போடுறீகளா?"

வந்ததும் வராததுமாக பாட்டிலைத் திறந்து, சிங்க்கில் சாய்க்கப் போனேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கவிதாவிடமிருந்து போன். "அய்யா, வினிகர ஊத்திட்டீங்களா? ஊத்தாதீங்க! அந்த பிளீச்சிங் மேல வினிகர் பட்டாலும் அதே புகைதான் வருமாம். மொதல்ல கதவு ஜன்னலெல்லாம் தெறந்து வைங்க. வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி அந்தப் பவுடர் சுத்தமாப் போகணும். வாசம் துளிகூட இருக்கக் கூடாது. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

பாட்டிலைக் கீழே வைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்திருப்பேன். மகளைப் பெற்றவன் பாக்கியசாலி என்று சும்மா மேடைக்காக யாரும் பேசுவதில்லை. அனுபவித்துச் சொல்கிறேன்.

ஜன்னலை எல்லாம் திறந்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கு முழுதும் அதே வேலை. ஆசிட் பாட்டில், பினாயில், அந்த ரோஜாப்பூ வாசனை ஸ்ப்ரே எல்லாவற்றையும் மூடி இறுக்கி, கொல்லையில் ஒரு பழைய பெட்டியில் வைத்தேன். ஒன்றோடு ஒன்று உரசாமல்தான்.

மறுநாள் கவிதா சொன்ன வைத்தியம். ஆப்ப சோடாவைத் தூவி, வினிகரை ஊற்றினேன். ஆஹா... பொங்கியது பாருங்கள்! புஸ்ஸென்று நுரை. பொங்கலுக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் பொங்கல். "போச்சு, கறையெல்லாம் ஓடியே போச்சு" என்று குதூகலித்தேன். நுரை அடங்கியதும் பார்த்தால், கறை அப்படியே இருக்கிறது. புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சத்துக்கு வெறும் தண்ணீரை விட்டுவிட்டன. நுரையைப் பார்த்து ஏமாறுவது தேர்தல் சமயத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் புத்தி வந்தது. தனித்தனியாக. பழைய பனியனை வினிகரில் நனைத்து, கறை மேல் போர்த்திவிட்டு மத்தியானம் முழுக்க விட்டேன். குழாய் மூக்குக்கு ஒரு துணிக் கட்டு. எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்ததும், ஆசிட்டுக்கு மட்டுமே பயப்படும் என்று நாங்கள் நம்பியிருந்த உப்பு, மாவாக உதிர்ந்தது. வினிகர் தீர்ந்த இடத்துக்குப் புளிக்கரைசல். நேரம்தான் கூடப் பிடித்தது. அதுவும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் வள்ளி தூங்குகிற நேரம் பார்த்து செல்வி வந்து கைகொடுத்தாள். அடுப்புக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டால் விரல் ஒட்டுகிற மாதிரி. சோடா போடலாமா என்று கேட்டேன்.

"எண்ண தேச்ச தலைக்கு என்ன அத்தான் போடுவோம்?"

"சீயக்காய்."

"செவுத்துக்கு மட்டும் என்ன தனியாவா வேணும்?"

சீயக்காய்த் தூளை வாசலில் வைத்துக் கரைத்தோம். தூள் வீட்டுக்குள் பறந்தால் அதுவும் மூச்சுக்கு ஆகாதே. சூடான வடிகஞ்சியில் குழைத்து அப்பி, ஊறவைத்துத் தேய்த்தோம். சுவருக்குத் தீபாவளிக் குளியல். பழுப்பாக இருந்த டைல்ஸுக்கு அடியிலிருந்து பச்சைப் பூ போட்ட டைல்ஸ் வந்தது. எங்கள் டைல்ஸில் பூ இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அலமாரியை இறக்கினோம். எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குச் சீர் செய்தவர்கள், காதுகுத்துக்குச் செய்தவர்கள். புதுமடம் நண்பர் கொடுத்த கருவாடு ஏழெட்டுச் சுற்றுக் காகிதத்தில். கடைசித் தட்டில், அப்பளக் கட்டுக்குப் பின்னால், ஒரு டப்பா நிறைய முறுக்கு. சர்க்கரைக்காரனான என் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டைத் தின்றேன். மூன்றாவதை எடுத்து, உள்ளேயே போட்டு மூடினேன். டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அவள் வந்து ஒளிக்கட்டும்.

சாயங்காலம் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு அலசிவிட்டோம். அடுப்படி ஜொலித்தது. செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உலகத்தையே ஜெயித்த மாதிரி ஒரு நடை நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால்...

வெள்ளை. டைல்ஸ் மேல் வெள்ளை. சிங்க்கில் வெள்ளை. குழாயில் சொட்டுச் சொட்டாக வெள்ளை.

என்ன செய்திருக்கிறேன் தெரிகிறதா? உப்பை எடுக்க அத்தனை பாடுபட்டுவிட்டு, கடைசியில் அலசியது எதில்? எங்கள் போர் தண்ணியில்! இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய மாட்டான். எங்களுக்குக் கழுவுவது என்றால் கை தானாக உப்புத் தண்ணிப் பக்கம்தான் போகும். நல்ல தண்ணியில் ஒரு பொருளைக் கழுவலாம் என்ற எண்ணம்கூட எங்கள் புத்தியில் ஏறாது. டாக்டரம்மாவிடம் கேட்டால் இந்த வெள்ளையால் வள்ளிக்கு ஒன்றும் ஆகாது என்பார். என் பயம் வேறு. இந்தக் கறையைப் பார்த்தால் அவள் சும்மா இருப்பாளா? என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு, எங்கேயாவது இரவல் வாங்கியாவது ஒரு மூடி ஆசிட் ஊற்றுவாள். கறையோடு அவளால் ஒரு நாள் குடும்பம் நடத்த முடியாது.

மறுபடியும் வினிகர், மறுபடியும் புளி. மத்தியானத்துக்குள் கறை போனது. இப்போது அலச வேண்டும். வீட்டில் இருந்த நல்ல தண்ணி மூன்று எவர்சில்வர் குடம். தெருக்குழாய் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பொங்கல் கிராக்கியில் டிரைசைக்கிள்காரரும் தென்படவில்லை. குடத்தைத் தூக்கினேன்.

"அத்தான்... என்ன செய்றீக?" என்று செல்வி குரல் கொடுப்பதற்குள் முதல் குடத்தைச் சுவரில் சாய்த்துவிட்டேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் குரலைவிடப் பெரிய சத்தம் வெளியிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா மதினி. அடுப்படி ஜன்னலுக்கு நேரே அவர்கள் துவைகல். எவர்சில்வர் குடம் கவிழ்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அடப் பாவி மனுசா! நல்ல தண்ணியவா ஊத்திக் கழுவுற? கிறுக்குப் பிடிச்சிருச்சா? இங்கன நாங்க பிள்ளைக்குப் பால் கலக்கத் தண்ணி இல்லாமக் கெடக்கோம்!"

குடத்தைக் கீழே வைத்தேன். அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"நாளைக்கு அவ வாரா மதினி. இந்தக் கறையப் பாத்தா திரும்ப ஆசிட்டத் தூக்கிருவா. இன்னொருக்கா ஆனா ஆளு தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. எனக்கு அவ மூச்சு வேணும் மதினி... தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம்."

மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். மதினி. இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடம். உள்ளே வந்து, அடுப்படியில் இறக்கி வைத்தார்.

"குடத்தோட கவுக்காதீக. துணிய முக்கிப் பிழிஞ்சு தொடைங்க. மிச்சம் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அவர் பின்னாலேயே எதிர் வீட்டு மைமூன். கீழக்கரையிலிருந்து வந்து குடியிருக்கிற பெண். வீட்டுக்காரர் துபாயில். "அண்ணே, எங்க ஊட்டுல ரெண்டு கொடம் கெடக்கு. ஒண்ண எடுத்தாந்தேன். வள்ளியக்கா நல்லபடியா வரட்டும், நான் துவா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் கோடி வீட்டிலிருந்து ஒரு குடம். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள், வள்ளியோடு சரியாகப் பேசிக்கூடப் பழகாதவர்கள், ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் எதையும் இரவல் கேட்கலாம். காஸ் சிலிண்டர் கேட்கலாம். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகை கேட்கலாம், கழற்றித் தருவார்கள். நல்ல தண்ணி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் கேட்கவில்லை. ஆனால் வந்தது. வந்த குடங்களை நானும் செல்வியும் அடுப்படித் தரையில் வரிசையாக வைத்தோம். இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன். தெரியவில்லை. எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதினி சொன்னபடியே துடைத்தோம். துணியை முக்கி, பிழிந்து, ஒரு துடைப்பு. காய்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. பாதிக் குடங்களைத் தொடக்கூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், வெள்ளை இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எந்த வாசனையும் இல்லை. வினிகர்கூட மணக்கவில்லை.

வள்ளியை ஆட்டோவில் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. இரண்டொரு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டரம்மா சொன்ன அந்த முழு வாக்கியம் வருமா, வராதா?

ஆட்டோ நின்றது. வாசலில் பாண்டியம்மா மதினி நிற்கிறார். கையில் கரண்டி நிறைய நெருப்பு. இன்னொரு கையில் வரமிளகாய்! ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களுக்குச் சுற்றிப் போட்டு மிளகாயை நெருப்பில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் எங்கள் ஊர் மிளகாய். கமறினால் தெருவே இருமும்.

"மதினீ! வேணாம்!" என்று ஆட்டோவிலிருந்து குதித்தேன். வாழ்க்கையில் அந்த வேகத்தில் நான் குதித்ததில்லை.

"திட்டி கழிக்காம எப்பிடி உள்ள விடுறது?"

"புகை ஆகாது மதினி. உப்ப வச்சுச் சுத்தித் தண்ணியில கரைச்சு விட்டுருங்க."

மதினி யோசித்தார். "நம்ம ஊருத் தண்ணியில இனி உப்பு எங்கன கரையப் போகுது?" என்று முணுமுணுத்தபடி, நெருப்பை அந்தப் பக்கம் கொண்டுபோய் அணைத்துவிட்டு, கல் உப்பை எடுத்து வந்து சுற்றினார். நல்ல மனுஷி.

வள்ளி உள்ளே வந்தாள். கட்டில் விரித்து வைத்திருந்தேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. நேரே அடுப்படி. நானும் செல்வியும் பின்னாலேயே போய் வாசலில் நின்றோம். உள்ளே போனாள். சிங்க்கைத் தடவினாள். குழாயைத் தடவினாள். டைல்ஸ் பூவை விரலால் தொட்டாள். மூச்சை இழுத்தாள். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பார்வை கீழே இறங்கி, வரிசையாக நின்ற குடங்களுக்குப் போனது. எல்லாம் வேற்று வீட்டுக் குடங்கள். திரும்பினாள்.

"எதுல அலசுனீக?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். செல்வி முந்திக்கொண்டாள். "நல்ல தண்ணிலக்கா."

அவ்வளவுதான்.

"நல்ல தண்ணியவா, எந்த ஊருல எந்த மனுசன் நல்ல தண்ணிய எடுத்துச் செவுத்தத் தொடைப்பாக, நாலு நாளு நான் படுத்து எந்திரிச்சு வாரதுக்குள்ள வீட்ட இந்தப் பாடு படுத்தி வச்சிருக்கீகளே, ஏண்டி செல்வி, அவுகளுக்குத்தான் தண்ணி புழங்கத் தெரியாது, ஒனக்கு எங்கடி போச்சு புத்தி, பாண்டியம்மா அக்கா வீட்டுல கைப்பிள்ளைக்குப் பால் கலக்கத் தண்ணி இருக்கா இல்லையான்னு கேட்டீகளா, இந்தா நிக்கிதே பேர் வெட்டுன கொடம் இது மைமூன் கொடம்தான, அவ வீட்டுல இருக்குறதே ரெண்டு கொடம், வெறுங்கொடத்தையா திருப்பிக் குடுக்கப் போறீக, குழாயில தண்ணி வந்தா மொதக் கொடம் அவுக வீட்டுக்கு, மறு கொடம் பாண்டியம்மா அக்கா வீட்டுக்கு, எல்லாருக்கும் நெறைச்சுக் குடுத்ததுக்கு அப்பறந்தான் நம்ம வீட்டுக்கு, அதுவரைக்கும் நீங்க உப்புத் தண்ணியிலயே டீ போட்டுத் திரிஞ்சத வடிகட்டிக் குடிங்க, அப்பத்தான் புத்தி வரும், அது கெடக்கட்டும், அந்த அப்பளக் கட்டு ஏன் எடம் மாறியிருக்கு, முறுக்கத் தின்னீகளா?"

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான். ஒரு இருமல் இல்லை. ஒரு இழுப்பு இல்லை. நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நான் என்ன கதையா சொல்றேன்? வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீக?" என்றாள் வள்ளி.

ஓடிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வாக்கியம் முழுசாக வந்துவிட்டது என்று சொன்னேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். அதை மட்டும் சொல்லவில்லை.

இன்றோடு வள்ளி வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் தாராளமாகத் திட்டுகிறாள்... குழாயில் நல்ல தண்ணிதான் இன்னும் வரவில்லை. திரிந்த டீ ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.